மலைக்கு ஏற்ற கால், லயத்துக்கு ஏற்ற நாற்காலி

ஊவாத் தோட்டங்களில், லயத்து இஸ்தோப்பின் மூலையில் மடித்துச் சாத்திய சக்கர நாற்காலியைக் காண்பது அபூர்வமல்ல. யாரோ ஒரு நல்ல மனிதரோ சங்கமோ விழா வைத்துக் கொடுத்ததாக இருக்கும். கொடுத்தவர்கள் மனதாரத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதில் உட்கார வேண்டியவரின் இடுப்பையும் அவர் வீட்டுக் கதவையும் யாரும் அளந்து பார்க்கவில்லை. நாற்காலி கதவுக்குள் நுழையாது. நுழைந்தாலும் காம்பராவுக்குள் திரும்பாது. வெளியே தள்ளலாம் என்றால் வாசலைத் தாண்டியதும் படிக்கட்டு. இரண்டு மாதத்தில் அதன்மேல் துணி காயும்.

உடல் இயக்கத்தில் குறைபாடு உள்ளவர்களுக்குத் தரும் கால், கை, நாற்காலி, ஊன்றுகோல் எல்லாவற்றையும் உதவிக் கருவிகள் என்கிறோம். இவற்றை மூக்குக் கண்ணாடி போலத்தான் நினைக்க வேண்டும். இன்னொருவரின் கண்ணாடி நமக்குப் பார்வை தராது, தலைவலிதான் தரும். கருவி ஆளுக்கு ஆள் மாறும். அந்த ஆள் வாழும் வீட்டுக்கும், நடக்கும் பாதைக்கும், செய்யும் வேலைக்கும் ஏற்பவும் மாறும். பதுளை மாவட்டத் தோட்டங்களில் இந்த இரண்டாவது பாதிதான் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஆகவே தோட்டத்தில் இருக்கும் குடும்பம் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இது சிலருடைய பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 16 லட்சம் பேருக்கு, அதாவது 8.7 வீதத்தினருக்கு, பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதாவது ஒன்றில் சிரமம் இருந்தது. நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் மட்டும் ஏழு லட்சத்துக்கும் அதிகம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் உதவிக் கருவி தேவை என்றும், அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்றும் சொல்கிறது.

முதலில் காலைப் பற்றி.

தோட்டத்தில் காலை இழப்பவர்களை நினைத்தால் விபத்துதான் நினைவுக்கு வரும். ஸ்டோர் இயந்திரம், லொறி, மழையில் சறுக்கிய சரிவு எல்லாம் உண்மைதான். ஆனால் இன்று சீனி வருத்தமும் ஒரு பெரிய காரணம். காலில் உணர்வு மரத்துப்போனவர் செருப்பில்லாமல் மலையில் நிற்கிறார். முள் குத்தியது தெரியாது. புண் ஆறாது. விரலில் தொடங்கியது முழங்காலுக்குக் கீழே வெட்டுவதில் முடிகிறது. முழங்கால் தப்பினால் பாதி வெற்றி. முழங்காலுக்குக் கீழே பொருத்தும் செயற்கைக் காலோடு மேடேறுவதும் இறங்குவதும் எளிது. தொடையில் வெட்டியவருக்கு அதே நடைக்கு உடம்பின் சக்தி எவ்வளவோ கூடுதலாகச் செலவாகும்.

ஜெய்ப்பூர் கால் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. 1968இல் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. நடனக் கலைஞர் சுதா சந்திரன் விபத்தில் கால் இழந்தபின் 1984இல் மறுபடி மேடையேறியது இந்தக் காலோடுதான். மேற்கு நாடுகளில் அப்போது செய்த பாதங்கள் சப்பாத்துக்குள் வைப்பதற்கானவை, கணுக்கால் வளையாது, சம்மணமிடவோ குந்தவோ முடியாது. சர்மாவும் சேத்தியும் ரப்பரை வைத்து, எல்லாப் பக்கமும் வளையும் பாதம் ஒன்றைச் செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், குந்தலாம், கல்லும் மேடுமான பாதையில் பாதம் நிலத்துக்கு ஏற்பச் சாயும். தேயிலை மலைக்காக யாரும் அதை வடிவமைக்கவில்லை. ஆனால் பத்தாம் நம்பர் மலையின் ஒற்றையடிப் பாதையில் இறங்கவும், குந்தும் கக்கூஸைப் பயன்படுத்தவும் அதைவிடப் பொருத்தமானதைக் காண்பது கடினம்.

அதைச் செய்யும் விதம் தெரிந்தால்தான் ஏன் அவசரப்படக் கூடாது என்பது விளங்கும். வெட்டிய காயம் ஆறியதும் மிச்சக் காலில் வீக்கம் இருக்கும். மீள்தன்மையுள்ள பட்டித்துணியைக் கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்த்தியும் நாளாந்தம் சுற்றி, அந்தக் காலைச் சுருங்க வைக்க வேண்டும். பிறகுதான் அச்சு. மிச்சக் காலில் மெல்லிய காலுறையைப் போட்டு, எலும்பு துருத்தும் இடங்களை அழியும் பென்சிலால் குறிக்கிறார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார், முன்னெலும்பின் நுனி, வெளிப்பக்கத்துச் சிற்றெலும்பின் தலை ஆகிய மூன்றும் முக்கியம். முதலாவது பாரம் தாங்கும். மற்ற இரண்டும் தாங்கா. நனைத்த பிளாஸ்டர் பட்டியைச் சுற்றி, அது இறுகும்வரை கைவிரலால் அழுத்திப் பிடிக்கிறார்கள். கழற்றும்போது பென்சில் குறிகள் பிளாஸ்டரின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதற்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி மிச்சக் காலின் பிரதியை எடுத்து, தாங்கும் இடத்தில் கொஞ்சம் சீவி, தாங்காத இடத்தில் கொஞ்சம் பூசி, அதன்மேல் சூடாக்கி இளக்கிய பிளாஸ்டிக்கை இழுத்துப் போர்த்துகிறார்கள். அப்படிக் கிடைக்கும் கிண்ணம்தான் முழுக் காலின் உயிர். பாதம் எந்த ஊரில் செய்ததாகவும் இருக்கலாம். கிண்ணம் அந்த ஒரு ஆளுக்கு மட்டுமே பொருந்தும்.

இன்னொருவரின் பழைய காலை இரக்கப்பட்டு வாங்கிக் கொடுப்பதால் பயன் இல்லாமல் போவது இதனால்தான். முதலில் செய்த கிண்ணம் சில மாதத்தில் தளர்ந்துவிடுவதும் இயல்பு. மிச்சக் கால் இன்னும் சுருங்குகிறது. காலுறையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கும் மேல் ஆடினால் புதுக் கிண்ணம் வேண்டும். “கால் சரியில்லை” என்று கழற்றி மூலையில் வைப்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு திருத்தம்தான். திரும்பிப் போய்க் காட்டலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஊவாவின் காலநிலைக்கென்று இரண்டு விஷயம் உண்டு. ஐப்பசி தொடங்கித் தை வரை பதுளைப் பக்கம் மழையும் பனிமூட்டமும் விடாது. துவைத்த காலுறை காயாது. ஈரக் காலுறையோடு நடந்தால் தோல் உரியும், சீனி வருத்தம் உள்ளவருக்கு அது மறுபடி சத்திர சிகிச்சை வரை போகலாம். குறைந்தது மூன்று நான்கு சோடி காலுறையைக் கேட்டு வாங்க வேண்டும். மற்றது, நனைந்த செயற்கைக் காலை அடுப்படியில் வைத்துக் காயவைப்பது. சூடு பிளாஸ்டிக் கிண்ணத்தின் வடிவத்தைக் கெடுத்துவிடும். துணியால் துடைத்து நிழலில் வைத்தால் போதும். இரவில் கழற்றியதும் மிச்சக் காலைக் கழுவி, கண்ணாடி பிடித்துப் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு பத்து இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அடுத்த நாள் காலைப் போடாமல், வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

எங்கே போவது என்பதுதான் கஷ்டமான கேள்வி. இலங்கையில் செயற்கைக் கால் சேவை போரின் காயங்களைச் சுற்றி வளர்ந்தது. 1831இல் தொடங்கிய கொழும்பு ஃபிரெண்ட்-இன்-நீட் சங்கம் 1985 முதல் ஜெய்ப்பூர் கால் பொருத்தி வருகிறது. வசதியற்றவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கியது. இந்த வேலையைச் செய்யும் நிபுணர்களைப் பயிற்றுவிக்கும் பாடசாலை 2004இல் ராகமையில் ஆரம்பமானது; மூன்று வருடப் படிப்பு. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் பதுளை ரயில் நிலையத்திலிருந்து கொழும்புக் கோட்டைக்கு 290 கிலோமீற்றர், பகல் முழுதும் ஓடும் பயணம். அளவு கொடுக்க ஒரு முறை, பொருத்திப் பார்க்க ஒரு முறை, நடைப்பயிற்சிக்குச் சில நாள், திருத்தத்துக்கு மறுபடி. கூடவே ஒருவர் போக வேண்டும். போகிறவர் கொழுந்தெடுப்பவரானால் அத்தனை நாளும் பேர் விழாது. இலவசக் காலுக்கு ஒரு மாதச் சம்பளம் கைவிட்டுப் போகிற கதை இது. தோட்டத் தொழிற்சங்கங்களும் நலன்புரிச் சங்கங்களும் உதவ நினைத்தால், புதுக் காலுக்குப் பணம் சேர்ப்பதைவிட இந்தப் பயணத்தையும் சம்பள இழப்பையும் ஈடுசெய்வது பெரிய உதவி என்பேன்.

முறைப்படி போகும் வழி இப்படி. தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கிட்டிய அரச வைத்தியசாலையிலோ தொடங்கி, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ தியத்தலாவை ஆதார வைத்தியசாலைக்கோ கடிதம் வாங்க வேண்டும். அங்கே இயன்மருத்துவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. சத்திர சிகிச்சை செய்தவர் அனுப்பாவிட்டாலும் நாமே கேட்கலாம். வைத்திய அறிக்கையோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பித்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் உதவிக் கருவித் திட்டத்துக்குப் போகும். மாதாந்த உதவித்தொகை வேறு, கருவி வேறு. ஒன்றைப் பெறுவதால் மற்றதைக் கேட்க முடியாது என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வேலைத்தலத்தில் நடந்த விபத்தானால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழான நட்டஈடும் தனி. எந்த அலுவலகம் எங்கே என்று தெரியாதவர்கள் 1919க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: “அளவெடுத்துத் தரவும்; வீடு படிக்கட்டுக்கு மேல் உள்ள லயக் காம்பரா.” சக்கர நாற்காலி கேட்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் சக்கர நாற்காலி வழங்குவதற்கு எட்டுப் படிகளை வகுத்தது. நாற்காலி தயாராவது ஐந்தாம் படியில். அதற்கு முன் ஆளைப் பார்த்து மதிப்பிடுவதும், எந்த வகை என்று எழுதுவதும். அதற்குப் பின் பொருத்திப் பார்ப்பதும், பழக்குவதும், பழுது பார்ப்பதும். விழாவில் கொடுக்கும் நாற்காலி முன்னையதையும் பின்னையதையும் விட்டுவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் தருகிறது.

அளவுகளை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம், தையல்காரரின் நாடா போதும். ஆளைப் பலகையில் நேராக உட்கார வைத்து இடுப்பின் அகலத்தைப் பார்க்க வேண்டும். ஆசனம் அதே அகலம் இருக்க வேண்டும். கூடினால் உடம்பு ஒரு பக்கம் சாயும், கை சக்கரத்துக்கு எட்டாது; கதவிலும் இடிக்கும். அடுத்தது பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை. ஆசனம் அந்த நீளத்தைவிட இரண்டு விரற்கடை குறைவாக இருக்க வேண்டும். ஆழம் கூடிய நாற்காலியில் உட்காருபவர் முன்னுக்குச் சறுக்கி, வால் எலும்பில் பாரம் விழும். மூன்றாவது முழங்காலிலிருந்து குதிகால் வரை. கால்தட்டு மேலே ஏறினால் தொடை தூக்கிக்கொண்டு, முழுப் பாரமும் உட்காரும் எலும்பில் இறங்கும். தட்டு தாழ்ந்தால் நம் பாதைக் கற்களில் முட்டும்.

முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு மெத்தையில்லாத நாற்காலி ஆபத்தானது. மரத்திலிருந்து விழுந்தவர்கள், சரிவில் உருண்டவர்கள், மண்சரிவில் சிக்கியவர்கள் இந்த வகையில் அடங்குவர். நமக்கு உட்கார்ந்து வலித்தால் அசைவோம். அவருக்கு வலி தெரியாது. தோல் உள்ளேயே அழுகிப் படுக்கைப் புண் ஆகும், அந்தப் புண் ஆளைக் கொல்லவும் கூடும். அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை கட்டாயம். அதோடு அரை மணிக்கு ஒரு தரமாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கவோ, முன்னால் குனிந்து பக்கங்களுக்குச் சாயவோ பழக்க வேண்டும். நாற்காலியைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் போவது மருந்தைக் கொடுத்து அளவைச் சொல்லாமல் விடும் குற்றம்.

பிறகு நிலம். சாய்தளத்துக்குப் பொதுவான விதி ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இஸ்தோப்பு வாசலிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். லயத்து வாசல் அவ்வளவு அகலம் இருக்காது. அதற்கு அப்பால் கான், கானுக்கு அப்பால் பணிய லயத்துக் கூரை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் கட்டிலும் அலுமாரியும் போக மிஞ்சும் இடத்தில் நாற்காலி சுற்றித் திரும்ப ஐந்தடி கிடைப்பதே அரிது. ஆகவே சில வீடுகளில் சரியான விடை இரண்டு கருவிகள்: உள்ளே நகர உருளை பூட்டிய தாழ்ந்த பலகை, வெளியே றோட்டில் மூன்று சக்கர நாற்காலி. முன்னால் நீட்டிய ஒற்றைச் சக்கரம் உள்ள வகை மேடுபள்ளத்தில் குப்புறக் கவிழாது. மோட்டிவேஷன் என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் இத்தகைய கரடுமுரடான நிலத்துக்கென்றே செய்த நாற்காலிகள் பல நாடுகளில் ஓடுகின்றன. இன்னும் சில வீடுகளில், நேர்மையாகச் சொன்னால், நாற்காலியை மாற்றிப் பயனில்லை. குடும்பத்தைத் தார் றோட்டோரத்து வீட்டுக்கு மாற்றுவதுதான் உதவி. புதிய வீட்டுத் திட்டங்களில் பயனாளிப் பட்டியல் போடும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மண்சரிவு அபாயமும் இதில் சேரும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை லயங்களின்மேல் இறங்கியது. எச்சரிக்கை வந்தால் ஓட முடியாதவரை யார் தூக்குவது, எதில் தூக்குவது என்று மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு லயத்திலும் பேசி வைக்க வேண்டும்.

ஊன்றுகோல் மிகச் சாதாரணமான கருவி என்பதால் யாரும் அளவு பார்ப்பதில்லை. அக்குளில் வைக்கும் கோலின் தலைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரத்தைக் கைதான் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துவிடும். கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில், முழங்கை சற்றே மடிந்திருக்கும்படி வைக்க வேண்டும். பாசி பிடித்த கல்படியில் உயிர்காப்பது கோலின் அடியில் உள்ள ரப்பர் மூடிதான். அதன் வரி தேய்ந்து வழவழப்பானதும் மாற்ற வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கோலும் மற்றக் காலும். இறங்கும்போது கோலும் பலவீனமான காலும் முதலில், நல்ல கால் பின்னால்.

ஆஸ்பத்திரி தராத, ஆனால் வாழ்க்கையை மாற்றுகிற சிலவற்றைத் தோட்டத்து ஆசாரியும் ஒட்டு வேலைக்காரரும் செய்துவிடலாம். கக்கூஸுக்கு இறங்கும் படியோரம் இரும்புக் குழாய்க் கைப்பிடி. நடுவில் துளை போட்ட மரக் கதிரையைக் குழிக்கு மேல் வைத்தால் குந்த முடியாதவர் தனியே போய்வரலாம். பீலியடியில் உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி. பாரிசவாதம் வந்து விரல் இறுகியவருக்குக் கரண்டிக் காம்பில் சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தால், பிறர் ஊட்டாமல் சாப்பிடுவார். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். தாயைக் கக்கூஸுக்குத் தூக்கிப் போவதற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் நின்ற பிள்ளை மறுபடி போகும் என்றால், இதற்கு மேலான தொழில்நுட்பம் எது?

முப்பரிமாண அச்சில் செய்யும் கைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 2013 அளவில் தொடங்கி, இ-நேபிள் என்ற பெயரில் உலகம் முழுதும் தன்னார்வலர்கள் பிளாஸ்டிக் கைகளை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும் செயற்கைக் கைகள் பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. மலிவு, எடை குறைவு, பிள்ளை வளர வளர அளவை மாற்றி அச்சிடலாம். ஆனால் அச்சிட்ட சாதாரணக் கை மணிக்கட்டை மடக்கும்போது கயிறு இழுத்து விரல் மூடும் வகை. மணிக்கட்டு இருப்பவருக்கே உதவும். போத்தலையோ சைக்கிள் கைப்பிடியையோ பிடிக்கும், இரண்டு இலையும் மொட்டுமாகக் கொழுந்து கிள்ளாது. கையிழந்த தொழிலாளிக்கு அதைக் காட்டி மறுபடி மலைக்குப் போகலாம் என்று சொல்வது தவறு. அவருக்கு வேறு வேலை கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் குறைபாட்டைக் காட்டிப் பாரபட்சம் செய்வதைத் தடுக்கிறது; மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது.

சட்டம் இருந்தும் பாதை இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. கம்பனிக் காணி என்று பாதை போட மறுத்தார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது லயத்திலிருந்து பிரதான றோட்டு வரை ஒரு கைப்பிடிப் பாதையைப் போடும்படி பிரதேச சபை உறுப்பினரிடம் தட்டிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் காலம்தான் முக்கியம். உள்வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைக்கு முதல் வாரங்களிலேயே பொன்செட்டி முறையில் வாராவாரம் மாக்கட்டு மாற்றிப் போட்டால், பெரும்பாலும் பெரிய சத்திர சிகிச்சை இல்லாமலே பாதம் நேராகும். ஆனால் அதன்பின் கம்பி பூட்டிய சப்பாத்தை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுதும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதும் போட வேண்டும். பிள்ளை அழுகிறது என்று கழற்றினால் பாதம் மறுபடி வளையும். தாய் விடியற்காலை பெரட்டுக்குப் போய்விடுவார்; சப்பாத்தைப் பூட்டிக் கழற்றத் தெரிய வேண்டியவர் பிள்ளைக்காம்பரா பொறுப்பாளர். ஆகவே கிளினிக்குக்கு ஒரு நாள் அவரையும் கூட்டிப் போக வேண்டும். செயற்கைக் கால் போட்ட பிள்ளை வளர்கிற வேகத்தில் ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் புதிது தேவைப்படும். பெரியவர்களுக்கு ஒரு கால் மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும், மலைப்பாதையில் அதற்கும் குறைவாக.

கருவியைக் கையில் வாங்கும் நாளில் கேட்க வேண்டியவை சில உண்டு. ரப்பர் மூடியும் காலுறையும் சக்கர டியூப்பும் எங்கே வாங்கலாம், பதுளையிலேயே கிடைக்குமா? ஆணி கழன்றால் யாரிடம் காட்டுவது? அடுத்து எப்போது வர வேண்டும்? பதிலைத் தமிழில் எழுதித் தரக் கேட்க வேண்டும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை, அது நமக்குரிய உரிமை. எங்கே வலிக்கிறது, எங்கே உரசுகிறது என்பதைச் சொந்த மொழியில் சொல்ல முடியாதவருக்குக் கிண்ணம் பொருந்தாது. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனாலும், வலியைச் சொல்ல வேண்டியவர் நோயாளியே. அவர் காலைப் போட்டுக்கொண்டு கிளினிக்கின் சிமெந்துத் தரையில் நடந்து காட்டியபின், வெளியே கூட்டிப் போய் ஒரு மேட்டில் ஏறி இறங்கவும் விடச் சொல்லுங்கள். சரிவில் உரசுகிற இடம் சமதரையில் தெரியாது.